படுகளத்து வெயில்

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திரௌபதி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள வெட்டவெளியில், காலை 9 மணிக்கே மண் உள்ளங்காலைச் சுட்டது. 74 வயதுடைய அம்மாள் ஒருவர், ஈரத்துணி சுற்றிய தண்ணீர்ச் செம்பை இடுப்பில் ஏந்தியபடி கூட்டத்தின் ஊடே மெல்ல முன்னே நடந்தார். தரையில் மல்லாந்து கிடந்த மண் துரியோதனனின் தலைமாட்டில் இடம் பார்த்து, முந்தானையைத் தலைக்கு இட்டுக்கொண்டு அமர்ந்தார். பின்னாலேயே வந்த அவருடைய கணவர், களத்தின் ஓரத்துப் புங்க மர நிழலோடு நின்றுவிட்டார். அதற்கு மேல் அவர் கால் எழவில்லை. அவர்கள் இருவரும் அந்தக் களத்தை மிதித்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று அக்கினி வசந்த விழாவின் நிறைவு நாள். காலையில் படுகளம், மாலையில் தீமிதி.

இசைவிழா என்றவுடன் நம்மில் பலருக்குச் சென்னையின் மார்கழி நினைவுக்கு வரும். அல்லது தை மாதத்துத் திருவையாறு. இரண்டும் குளிர்ந்த பருவத்து விழாக்கள். தொண்டை நாட்டு உழவர்கள் திரௌபதி அம்மனுக்கு எடுக்கும் விழாவுக்கோ பெரும்பாலும் கொளுத்தும் கோடைதான் பருவம். அறுவடை முடிந்து கழனி வெறுமையாகக் கிடக்கும்; ஏரி வற்றியிருக்கும்; ஊரார் கைக்கு ஓய்வு கிடைக்கும். வேள்வித் தீயில் பிறந்தவளுக்கு விழா எடுக்க வெயிலுக்கு அஞ்சலாமா என்று பெரியவர்கள் கேட்பதும் உண்டு. இந்தச் சிற்றூரில் விழா 18 நாள். பிற்பகல்தோறும் பிரசங்கியார் பாரதம் சொல்வார். வில்லிபுத்தூரார் விருத்தத்தை ஆர்மோனியத்தோடும் மிருதங்கத்தோடும் இழுத்துப் பாடிப் பொருள் விரிப்பார். இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து தொடங்கினால் விடியும்வரை நடக்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவாகக் கதை நகர்ந்து, பதினெட்டாம் போர் ஆடிய இரவு விடியும்போது, கூத்தர் அதே வேடத்தோடு, கண் பொட்டும் மூடாமல், இந்தப் படுகளத்துக்கு வந்து சேர்வர். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமுமாக அத்தனை கட்டைகளைச் சுமந்துகொண்டு, முகத்துப் பூச்சு வியர்வையில் வழிய, வெயிலில் பாடுவது எளிய செயலன்று. புரிசைக் கண்ணப்பத் தம்பிரானைப் போன்ற பெரும் கலைஞர்களைத் தந்த கலை அது. சபையில் குளிர்காற்றில் அமர்ந்து பாடுகிறவர்கள் ஒருநாள் இதைப் பார்க்க வேண்டும்.

அம்மாளின் கணவர் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்றும் அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்று, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டைக் காட்டுவார். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. 30 குடும்புகள், 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மிகாமலும் இருத்தல், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு விதியை மட்டும் இருமுறை சொல்வார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் மட்டும் அல்லன், அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தார் முதலிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல எழுதி வெச்சிருக்காங்கடா" என்று முடிப்பார். பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் வெயிலில் சுட்டதுதான் நினைவிருக்கும்.

11 ஆண்டுகளுக்கு முன் விழாவின் வரவு செலவு நோட்டு அவருடைய மூத்த மகன் கையில் இருந்தது. வீட்டுக்கு வீடு வசூலித்த தலைக்கட்டு வரி, வெளியூரில் இருப்போர் அனுப்பிய காணிக்கை, எல்லாம் அவனிடம். கொடியேற்றத்துக்கு 3 நாள் இருக்கும்போது கூத்து மேளத்துக்குக் கொடுக்கக் காசு இல்லை என்று தெரிந்தது. அவன் குடியிலும் கடனிலும் மூழ்கியிருந்ததை ஊர் முன்பே அறிந்திருந்தது. பெற்றவர்கள்தாம் கடைசியில் அறிந்தார்கள். வாத்தியார் ஏரிக்கடியில் இருந்த 75 சென்ட் நஞ்சையை விற்று, ஒரு ரூபாய் குறையாமல் பணத்தைக் கோயிலில் கட்டினார். விழா நின்றுபோகவில்லை. அன்றே விழாக் குழுவிலிருந்து அவர் விலகிக்கொண்டார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. சுவரில் எழுதியிருந்தது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மகன் ஊரை விட்டுப் போனான். 4 ஆண்டுகள் கழித்து, தொலைவில் ஒரு நகரிலிருந்து, அவன் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. வாத்தியாரும் இளைய மகனும் சென்று, செய்ய வேண்டியதை அங்கேயே செய்து முடித்துத் திரும்பினர். ஊருக்குச் சொல்லவில்லை, ஆனாலும் ஊருக்குத் தெரிந்தது. வாசலில் யாரும் வந்து அமரவில்லை. கட்டிப் பிடித்து அழ ஒரு கையும் நீளவில்லை. அன்றிரவு அடுப்படியில் அம்மாளின் தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பியபோது, "தெருவுக்குக் கேக்கப் போவுது" என்று மட்டும் வாத்தியார் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அழுகை அங்கேயே நின்றது, 7 ஆண்டுகள்.

இந்த ஆண்டும் அவர்கள் விழாவுக்குப் போவதாக இல்லை. தலைக்கட்டு வரியை வழக்கம்போல் இளைய மகன் மூலம் கொடுத்தனுப்பியாயிற்று. ஆனால் ஒலிபெருக்கிக்கு வீட்டு வாசல் தெரியாதே! பிற்பகல்தோறும் அம்மாள் திண்ணையில் அமர்ந்து, பயறு புடைத்துக்கொண்டோ புளி கொட்டை எடுத்துக்கொண்டோ, பாரதம் முழுவதையும் கேட்டார். 17-ஆம் நாள் பிரசங்கியார் ஒன்று சொன்னார். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில், காப்பியத்தை முடித்துவிட்டார். அதற்கு அடுத்ததான ஸ்திரீ பருவத்தை அவர் பாடவில்லை. வியாச பாரதத்தில் அந்தப் பருவம் முழுவதும் பெண்களின் அழுகை. போர் நடந்த நாளெல்லாம் வெற்றிக்கு வாழ்த்து வேண்டி வந்த துரியோதனனிடம், தருமம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெற்றி என்றுதான் காந்தாரி சொன்னாள். பெற்ற பிள்ளை என்று வாய் தவறியும் வாழ்த்தவில்லை. அதே காந்தாரி அவன் விழுந்தபின் போர்க்களத்துக்கு ஓடி வந்து, அவன் உடலைக் கட்டிக்கொண்டு புலம்பினாள். வீமனைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்டாள்: நூறு பேரில் அதிகம் பிழை செய்யாதவன் ஒருவனையாவது, கண்ணில்லாத கிழவர் இருவருக்கும் ஊன்றுகோலாக, விட்டு வைத்திருக்கக் கூடாதா?

"வில்லியார் விட்டதை நாளைக்குப் படுகளத்துல கூத்துக்காரர் பாடுவார். தாய்மார்கள் கேக்கணும்" என்று பிரசங்கியார் அன்றைய பாரதத்தை நிறுத்தினார்.

இரவு சாப்பிடும்போது அம்மாள், "நாளைக்கு நான் படுகளத்துக்குப் போறங்க" என்றார்.

"யார் முகத்துல போய் முழிக்கறது?"

"அம்மன் முகத்துல முழிச்சிட்டு வரேன். மத்தவங்க முகம் எனக்கு எதுக்கு?"

வாத்தியார் பதில் சொல்லவில்லை. காலையில் அவர் குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றதுதான் அம்மாளுக்கு வியப்பு.

களத்தில் மண் துரியோதனன் 40 அடிக்குக் குறையாமல் கிடந்தான். ஏரி மண்ணைக் குழைத்து இரவோடு இரவாகச் செய்திருந்தார்கள். உருட்டி விழித்த கண், முறுக்கிய மீசை, மார்பில் வண்ணப்பூச்சு. வலத் தொடையில் குங்குமம் கரைத்த நீர் நிறைந்த குடம் புதைத்திருந்தது. தண்ணீர் வண்டி ஒன்று வந்து சுற்றிலும் தரையை நனைத்துவிட்டுப் போனது. கால் மணியில் அந்த ஈரம் ஆவியாக எழுந்து முன்னிலும் புழுங்கியது. இளைஞர்கள் பானகமும் நீர்மோரும் கொண்டுவந்து கொடுத்தனர். பனங்காட்டிலிருந்து ஒருவர் நுங்குக் குலைகளோடு வந்து நின்றார். அம்மாள் எதையும் வாங்கவில்லை.

முகவீணை எழுந்தது. நாயனத்தைவிட மிகச் சிறியது, ஒரு முழத்துக்கும் குறைவு. ஆனால் அதன் ஒலி வெட்டவெளியில் எத்தனை பேர் பேசினாலும் அவர்கள் தலைக்கு மேலே தனியாகச் செல்லும். இரவெல்லாம் வாசித்த களைப்பு வாசிப்பவர் கண்ணில் தெரிந்தது, ஒலியில் தெரியவில்லை. மிருதங்கத்தின் வார் வெயிலில் இறுகி, நாதம் கூர்மையாயிருந்தது. கைத்தாளக்காரர் தலையில் ஈரத் துண்டு. துரியோதனனும் வீமனும் மண்ணுடல் மீதே ஏறி, மார்பிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து காலுக்கும் துரத்தி ஓடினர். ஒரு சுற்று ஓட்டம், ஒரு பாட்டு, ஒரு வசை. கூட்டம் சிரித்தது, பிள்ளைகள் கூவினார்கள். துரியோதன வேடம் கட்டியவர் 50 வயதைத் தாண்டியவராயிருப்பார். அந்த வெயிலில் அவர் உச்சத்தில் எடுத்த ஒரு விருத்தம் கொஞ்சமும் பிசகாமல் மேலே நின்றபோது, சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது.

11 மணியளவில் வீமன் கதை தொடையில் இறங்கியது. குடம் உடைந்து செந்நீர் மண்ணில் பாய்ந்தது. தாரை தப்பட்டையோடு அம்மன் எழுந்தருள, விரிந்த கூந்தலுக்கு அந்தச் செந்நீரைத் தொட்டுத் தடவி, வாரி முடிந்து, மல்லிகைச் சரம் சூட்டினார்கள். பெண்கள் குலவையிட்டனர். கற்பூரத்தின் புகைகூட அந்தக் காற்றில்லாத வெயிலில் நேராக மேலே போனது. அம்மாள் இரு கைகளையும் தலைக்கு மேலே குவித்தார். அம்மன் முகத்தில் விழித்தாயிற்று.

சபதம் முடிந்தது என்று கூட்டத்தில் பாதி எழுந்துவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தீமிதிக்கு விரதமிருப்போர் குளிக்கப் போக வேண்டும். வாத்தியார் புங்க மரத்தடியிலிருந்து இரண்டு முறை கையசைத்தார். அம்மாள் திரும்பவில்லை. கடைசியில் அவர் குடையை விரித்துக்கொண்டு களத்துக்குள் நடந்து வந்தார். எதிரே வந்தவர்களில் ஓரிருவர், அவரிடம் படித்தவர்கள், ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டார்கள். அதை அவர் கவனித்தாரா என்று சொல்ல முடியாது.

"எழுந்திரு. இந்த வெயில் உனக்கு ஆகாது."

"இன்னும் அவ வரலீங்க."

"யாரு?"

அப்போது காந்தாரி வந்தாள். சற்றுமுன் வேறு வேடத்தில் பார்த்த கூத்தர்தாம்; கிரீடமும் கட்டைகளும் இல்லை, வெறும் சேலை, அவிழ்ந்த தலை. ஒரு கையில் முறம், ஒரு கையில் துடைப்பம். மிருதங்கம் நின்றுவிட்டது. முகவீணை மட்டும் அடித்தளத்தில் இழைய, அவர் துரியோதனன் தலைமாட்டுக்கு வந்து ஒப்பாரி எடுத்தார். அது சாவு வீட்டில் நம் பாட்டிமார் எடுத்த அதே ஒப்பாரி. தொட்டிலில் இட்டது, தோளில் சுமந்தது, சொன்னதைக் கேளாமல் போனது, ஊரெல்லாம் ஏசியது, ஏசிய வாயெல்லாம் ஓய்ந்த பிறகு வீடு வெறுமையாய்க் கிடப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். நீ செய்தது சரி என்று ஓரிடத்திலும் பாடவில்லை. தப்பு என்றும் பாடி, என் மகனே என்றும் பாடினார்.

தீயவன் வீழ்ந்ததற்கு மகிழத்தானே ஊர் 18 நாள் விழா எடுத்தது? அவனுக்காக ஏன் அழ வேண்டும் என்று அந்தக் களத்தில் யாரும் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒருவர் இருந்திருப்பார் போலும்.

அம்மாள் முதலில் சத்தமில்லாமல்தான் தொடங்கினார். பிறகு மார்பில் ஒரு கை அடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த பெண், அவர் இன்னார் என்று அறிந்தவளோ அறியாதவளோ, அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடி கிடைத்ததும் 7 ஆண்டுகள் அடுப்படியில் நின்றிருந்த குரல் வெளியே வந்தது. "ஐயோ, எம்மவனே" என்று அது முகவீணைக்கு மேலே போனது. தெருவுக்குக் கேட்டது. ஊருக்கே கேட்டிருக்கும்.

வாத்தியார் அசையவில்லை. குடை அவர் கையில் மனைவியின் தலைக்கு மேல் சாய்ந்தது. உச்சி வெயில் முழுவதும் அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்தது. ஒருமுறை உதடு அசைந்தது. "தெருவுக்குக் கேக்கும்" என்று சொல்ல வந்தாரோ என்னவோ, சொல்லவில்லை.

ஒப்பாரி முடியும் வேளையில் காந்தாரி எழுந்து, ஓலமிட்டபடி கூட்டத்துக்குள் புகுந்து, முறத்தாலும் துடைப்பத்தாலும் எதிர்ப்பட்டவரை அடிப்பது வழக்கம். அந்த அடி பட்டால் பீடை நீங்கும் என்று வாங்கிக்கொள்வோரும் உண்டு, சிரித்துக்கொண்டு ஓடுவோரும் உண்டு. குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிற தாய்மாரும் உண்டு. வாத்தியார் வாழ்நாளில் அந்த அடியை வாங்கியவர் அல்லர். பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் துடைப்பத்தால் அடி வாங்குவது எப்படி என்று, அந்தக் கட்டம் வரும் முன்பே எழுந்து போய்விடுவார். அன்று அவர் நகர முடியவில்லை. நகர்ந்தால் குடை நகரும், அம்மாள் மீது வெயில் விழும். காந்தாரி அவர் முன் வந்து நின்றாள். முகத்து மஞ்சள் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. ஒரு கணம் பார்த்துவிட்டு, தோளில் ஓங்கி ஓர் அடி. மூக்குக்கண்ணாடி கழன்று மண்ணில் விழுந்தது.

குனிந்து அதை எடுத்தவர் உடனே நிமிரவில்லை. மண்ணில் முழந்தாளிட்டு, மனைவியின் பக்கத்தில் அப்படியே அமர்ந்துவிட்டார். குடை கீழே கிடந்தது. இருவர் மீதும் வெயில்.

படுகளம் கலையும்போது மண்ணுடலிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி எடுத்துச் செல்வார்கள். நெற்குதிரில் இட்டால் விளைச்சல் பெருகும், வீட்டில் வைத்தால் நன்மை என்பது நம்பிக்கை. அம்மாள் மார்புப் பக்கத்து மண்ணை இரண்டு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். வழியில் வாத்தியார் ஒரு நுங்கு வாங்கினார். பேசாமல் தின்றார்கள். வீட்டில் ஒரு பிடி அரிசிப் பானையருகில் போயிற்று. மற்றொன்றைப் பூசை மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு வெற்றிலையின் மேல் அம்மாள் வைத்தார். வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார், அது யாருக்கு என்று கேட்கவில்லை.

மாலை 5 மணிக்குத் தீமிதிக்கு நெருப்பை வாரி நிரவிக்கொண்டிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, கணக்கு நோட்டோடு ஓர் இளைஞன் அமர்ந்திருந்தான். வாத்தியாரைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உக்காருப்பா. ஒரு தலைக்கட்டு எழுது."

"சின்ன அண்ணன் கட்டிட்டாரே, ஐயா."

"அது எங்களுக்கு. இது பெரியவனுக்கு."

இளைஞன் பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தான். வாத்தியார் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்து, மகனின் பெயரை, பள்ளியில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல, முதலெழுத்தோடு தெளிவாகச் சொன்னார். அவன் நோட்டில் புதிய வரி ஒன்று தொடங்கி எழுதினான்.